ஓடாத வண்டி ஒரு போட்டோ

உங்கள் வீட்டில் ஓடாத பொருட்கள் எத்தனை இருக்கின்றன? சும்மா ஒரு தடவை எண்ணிப் பாருங்களேன். பத்தே காலில் நின்றுபோன சுவர்க் கடிகாரம், பரண் மேல் துணி சுற்றிக் கிடக்கும் தாத்தாவின் வால்வு ரேடியோ, பெல்ட் அறுந்த தையல் மெஷின்... ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை வைத்திருப்பீர்கள். தூக்கிப் போட மனசு வராது. வேறு பார்ட் வாங்கிப் போட்டு ஓட்டவும் மனசு வராது. கேட்டால், ‘ஒரிஜினாலிட்டி போயிடும் சார்!’ என்போம்.

எங்கள் வீட்டில் அப்படி ஒன்று நாலு சக்கரத்தோடு நின்றிருக்க வேண்டியது. நிற்கவில்லை. இன்றைக்கும் ஓடுகிறது. ஓட வைத்தவர் அப்பா. ஓடவிடாமல் செய்யப் பார்த்தவன் நான். அந்தக் கதையைத்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன்.

எங்கள் ஊர் உத்திரமேரூர். பள்ளிக்கூடத்தில் ‘குடவோலை முறை’ என்று படித்துவிட்டுப் பரீட்சை முடிந்ததும் மறந்திருப்பீர்களே, அதே ஊர். காஞ்சிபுரம் மாவட்டம். சென்னையிலிருந்து ஜி.எஸ்.டி. ரோட்டில் செங்கல்பட்டைத் தாண்டி, புக்கத்துறையில் வலது பக்கம் திரும்பினால் வயலும் ஏரிக்கரையுமாக ஒரு ரோடு. அது கொண்டுவந்து விட்டுவிடும்.

அப்பா கடைத்தெருவில் உரக்கடை வைத்திருந்தார். 1978-ல் ஊரைவிட்டுப் போன ஒரு டாக்டரிடமிருந்து அம்பாசடர் ஒன்றை வாங்கினார். 1969 மாடல், மார்க் 2. கிரீம் கலர். முன்னாலும் பெஞ்ச் சீட்டு. ஸ்டீயரிங்குக்குக் கீழே இடது பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் ஹேண்ட் கியர். முன்னால் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம், நாலாவதாக நான் அம்மா மடியில். கல்யாணம், காதுகுத்து, பிரசவம், பிணம்... ஊரில் எதற்கும் அந்த வண்டி போயிருக்கிறது. ஒருமுறை யூரியா மூட்டை ஏற்றிப் போனதற்கு அம்மா ஒரு வாரம் அப்பாவுடன் பேசவில்லை.

அதன் இன்ஜினைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அம்பாசடர் என்பது இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3 கார்தான். அச்சு அசலாக அதை வாங்கி, 1950-களின் கடைசியிலிருந்து கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்ய ஆரம்பித்தார்கள். உள்ளே இருந்தது பி.எம்.சி. நிறுவனத்தின் ‘பி சீரிஸ்’ இன்ஜின். 1489 சி.சி. சுமார் 50 குதிரைச் சக்தி. அழகான எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் காரைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அதில் இருந்ததும் இதே குடும்பத்து இன்ஜின்தான், அதில் 1798 சி.சி. நம்முடைய ஊரில் கல்யாணக் கோஷ்டியை இழுத்தவரின் அண்ணன் அங்கே மேலே கூரையில்லாமல் காதலியோடு சுற்றிக்கொண்டிருந்தார். கொடுத்து வைத்தவர்.

நல்ல இன்ஜின்தான். ஸ்பேனரும் பொறுமையும் இருந்தால் புளியமரத்தடியில் பிரித்துக் கோத்துவிடலாம். ஆனால் எந்த இன்ஜினுக்கும் வயசு என்று ஒன்று உண்டு. பிஸ்டன் தேயத் தேய சிலிண்டரைக் கடைந்து பெரிசாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டனைப் போடுவார்கள். ‘ரீபோர்’ என்பது அதுதான். ஒரு தடவை செய்யலாம், இரண்டு தடவை செய்யலாம். சட்டையைப் பிடித்துத் தைக்கிற மாதிரி, ஒரு அளவுக்கு மேல் துணி இருக்காது. எங்கள் வண்டிக்கு 2003-க்குள் மூன்று முறை ஆகிவிட்டது. பெட்ரோலோடு சேர்த்து ஆயிலும் குடித்தது. நாங்கள் கிளம்பினால் பின்னால் வருகிறவருக்கு ரோடு தெரியாது.

நான் அப்போது சென்னையில் வேலையில் இருந்தேன். மாசம் ஒரு தடவை போகும்போது கேரேஜில் நிற்கும் வண்டியைத் துடைத்துவைத்து, பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு வருவேன். ஆபீஸில் காட்டி, ‘எங்கப்பா கார். எல்லாம் ஒரிஜினல்’ என்று பீற்றிக்கொள்வேன். ஒரிஜினல் புகையை நான் சுவாசிக்க வேண்டியதில்லையே!

அந்த வருஷம் ஐப்பசி மழையில் ஒருநாள் ராத்திரி அம்மாவுக்கு நெஞ்சு வலித்தது. அப்பா வண்டியை எடுத்தார். செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். பாதி வழியில் இன்ஜின் இருமி, இழுக்க முடியாமல் நின்றுவிட்டது. கொட்டுகிற மழை. ரோட்டில் ஒரு ஈ காக்கை இல்லை. அப்பா பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு கையில் டார்ச்சும் ஒரு கையில் குடையுமாக நின்றிருக்கிறார். இருபது நிமிஷம் கழித்து வந்த பால் வேன்காரர் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டுபோய்ச் சேர்த்தார். அம்மா பிழைத்துக்கொண்டார்.

அந்த இருபது நிமிஷத்தைப் பற்றி அப்பா என்னிடம் எதுவும் சொன்னதில்லை. அம்மாதான் சொன்னார்: “உங்கப்பா அழுதாருடா. மழையில தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டாரு.”

அடுத்த வாரமே அப்பா முடிவு பண்ணிவிட்டார். “பாய்கிட்ட பேசிட்டேன். இன்ஜினை மாத்தப்போறேன். வேற இன்ஜின், வேற கியர்பாக்ஸ்.”

பாய் என்பது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பட்டறை வைத்திருந்த எங்கள் மெக்கானிக். நான் துள்ளிக் குதித்தேன். “என்னப்பா சொல்றீங்க? முப்பத்தஞ்சு வருஷமா இருக்கற ஒரிஜினல் இன்ஜின். அதை எடுத்துட்டா அது அந்த வண்டியே இல்லப்பா. பத்திரமா நிறுத்தி வைங்க. நீங்க ஒரு சின்ன மாருதி வாங்கிக்கங்க.”

அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். முந்தின வருஷம்தான் அவருக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகியிருந்தது.

“ஏன்டா, என் கண்ணுல இருக்கற லென்ஸ் ஒரிஜினலா? போன வருஷம் டாக்டர் வெச்சது. அதுக்காக உன்னைப் பார்க்கறது நான் இல்லேன்னு ஆயிடுமா? ஓடாத வண்டி எதுக்குடா? அது போட்டோ. போட்டோவுக்கு மாலை போடலாம். ஏறி ஆஸ்பத்திரிக்குப் போக முடியுமா?”

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை.

பாய் தேர்ந்தெடுத்தது இஸுஸு இன்ஜின். நீங்கள் நினைப்பது போல அது எங்கிருந்தோ வந்த அந்நியச் சரக்கு இல்லை. இந்த மாற்றத்தை எங்கள் அப்பாவுக்கு முன்பே கம்பெனியே செய்திருந்தது. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984-ல் கான்டெஸா என்ற பெரிய காரைக் கொண்டுவந்தபோது அதற்குள்ளும் பழைய 1489 சி.சி. இன்ஜினையே வைத்தார்கள். யானைக்குப் பூனையின் இதயம் வைத்த மாதிரி ஆயிற்று. அப்புறம் ஜப்பான் இஸுஸுவோடு கைகோத்து, 1817 சி.சி. பெட்ரோல் இன்ஜினையும் ஐந்து கியர் பெட்டியையும் கொடுத்தார்கள். வண்டி எழுந்து ஓடியது. 1990-களின் தொடக்கத்தில் அதே இன்ஜினையும் கியர்பாக்ஸையும் அம்பாசடருக்குள்ளும் வைத்து ‘1800 இஸுஸு’ என்று விற்றார்கள். உடம்பு 1950-களின் உடம்பு, இன்ஜின் பின்னால் பிறந்தது. சுமார் 75 குதிரைச் சக்தி.

“ரெண்டும் ஒரே கம்பெனி, தம்பி. பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுத்த வூடு மாதிரி. சம்பந்தம் ஒத்துப்போகும்” என்றார் பாய்.

இதற்கு நேர் எதிரான கதையும் நம் பக்கத்திலேயே நடந்திருக்கிறது. வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியின் தொழிற்சாலை இருந்தது. ஹெரால்டு கார் செய்தவர்கள். 1985-ல் அவர்கள் ‘ஸ்டாண்டர்டு 2000’ என்று ஒரு கார் கொண்டுவந்தார்கள். உடம்பு இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1. அந்தக் காலத்தில் பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். இன்ஜின் மட்டும் பழைய வேன்கார்டு காரின் வழியில் வந்த 1991 சி.சி. கிழவர். பெட்ரோலைக் குடித்தது, இழுவை போதவில்லை, விலையோ அதிகம். மூன்று வருஷத்தில் அந்தக் கார் நின்றுபோனது. புதுச் சட்டைக்குள் பழைய இன்ஜின் என்றால் யாருக்கும் பிடிப்பதில்லை. பழைய சட்டைக்குள் புது இன்ஜினுக்கு ஆள் இருக்கிறது. கியூபாவில் போய்ப் பாருங்கள், 1950-களின் அமெரிக்கக் கார்கள் ரஷ்ய இன்ஜினோடும் டீசல் இன்ஜினோடும் இன்னும் டாக்ஸியாக ஓடுகின்றன. இங்கிலாந்திலேயே எம்.ஜி.பி. வைத்திருக்கும் பக்தர்கள் ஃபோர்டு காரின் ஐந்து கியர் பெட்டியைப் பொருத்திக்கொள்கிறார்கள்.

முதலில் நானும் பாயும் சென்னை புதுப்பேட்டைக்குப் போனோம். பழைய வண்டிகளைக் கழற்றி விற்கும் கடல் அது. ஒருவர் இஸுஸு இன்ஜின் ஒன்றை அடிமாட்டு விலைக்குக் காட்டினார். பில் கேட்டேன். சிரித்தார். பாய் குனிந்து இன்ஜின் நம்பர் இருக்கும் இடத்தைத் துணியால் துடைத்தார். நம்பர் அரத்தால் தேய்க்கப்பட்டிருந்தது. பாய் ஒன்றும் பேசாமல் எழுந்து, “டீ சாப்பிடலாம் தம்பி” என்று என்னை வெளியே தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். நீங்களும் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: நம்பரும் பில்லும் இல்லாத இன்ஜின், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், உங்களைப் போலீஸ் ஸ்டேஷனில் கொண்டுபோய் நிறுத்தக்கூடியது.

கடைசியில் காஞ்சிபுரத்தில் ஒரு பட்டு வியாபாரி வீட்டுக் கொல்லையில் முருங்கை மரத்தடியில் நின்றிருந்தது எங்கள் கான்டெஸா. கான்டெஸா தயாரிப்பு 2002-ல் நின்றுபோயிருந்தது. பெட்ரோல் செலவுக்குப் பயந்து நிறையப் பேர் அதைக் கழித்துக் கட்டிக்கொண்டிருந்த நேரம். இந்த வண்டியின் தரைத் தகடு முழுக்கத் துரு. ஆனால் இன்ஜின் கல்லு மாதிரி. பேப்பர் எல்லாம் பக்கா. 38,000 ரூபாய்க்கு முழுக் காராகவே வாங்கினோம். பாயின் கட்சி அதுதான்: “இன்ஜினை மட்டும் வாங்குனா, கிளட்ச் ஒரு எடம், ஒயரிங் ஒரு எடம்னு ஆறு மாசம் அலையணும். ஒரே வண்டியில இருந்து முழு செட்டா எடுத்துடணும்.”

2004 தை மாசம் வேலை ஆரம்பித்தது. நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். சேஸிஸில் எங்கேயும் வெட்டக்கூடாது. எல்லாம் போல்ட்டில்தான் மாட்ட வேண்டும். என்றைக்காவது பழசைத் திரும்ப வைக்க முடிய வேண்டும். பாய் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

வெளியிலிருந்து பார்த்தால் சுலபம் போலத் தெரியும். பழசைத் தூக்கு, புதுசை இறக்கு. செயின் பிளாக்கில் பழைய இன்ஜின் மேலே எழுந்து வந்தபோது அரை மணி நேரம்தான் ஆனது. அதற்குப் பிறகு மூன்று மாசம்!

புது இன்ஜினின் கால்கள் பழைய இன்ஜின் உட்கார்ந்த இடத்தில் உட்காராது. கம்பெனி தயாரித்த இஸுஸு அம்பாசடரில் எப்படி மவுன்ட்டிங் கொடுத்திருக்கிறார்கள் என்று பார்க்க, பாய் காஞ்சிபுரத்தில் ஒரு டிராவல்ஸ் வண்டிக்கு அடியில் நுழைந்து படுத்து, சிகரெட் அட்டையில் அளவு குறித்துக்கொண்டு வந்தார். லேத் பட்டறையில் அந்த அளவுக்குப் பிராக்கெட் செய்தார்கள். இன்ஜின் உட்கார்ந்தது. அடுத்து, ஐந்து கியர் பெட்டி பழைய நாலு கியர் பெட்டியைவிட நீளம். அதனால் பின் சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் குறைக்க வேண்டும். வெட்டி ஒட்டினார்கள். முதல் ஓட்டத்தில் அறுபது கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் வண்டிக்குக் குளிர்ஜுரம் கண்ட மாதிரி நடுங்கியது. சுற்றுகிற பொருளில் ஒரு பக்கம் கொஞ்சம் கனம் கூடினாலும் அப்படித்தான். ஷாஃப்ட்டைச் சென்னைக்குத் தூக்கிக்கொண்டுபோய், மெஷினில் சுற்றவிட்டு பேலன்ஸ் செய்து கொண்டுவந்தோம். நடுக்கம் போயிற்று.

அடுத்தது சூடு. பழைய ரேடியேட்டரால் புது இன்ஜினின் சூட்டைத் தாங்க முடியவில்லை. காஞ்சிபுரம் போய்ச் சேருவதற்குள் முள் சிவப்புக்கு ஏறியது. கான்டெஸாவின் ரேடியேட்டரையே பொருத்தினோம். டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வந்ததால் ஒயரிங் பாதி புதுசு. ஸ்பீடாமீட்டர் கேபிள் தனிக் கதை. ஒரு வாரம் நின்றுகொண்டிருக்கும்போதே இருபது காட்டியது.

இதற்கெல்லாம் முன்னால் பாய் செய்த காரியம் பிரேக். “ஓட வெக்கறது பெரிய வேலை இல்ல தம்பி. நிறுத்தறதுதான் வேலை” என்று, பிற்கால அம்பாசடரின் பூஸ்டர் பிரேக்கைப் போட்ட பிறகுதான் இன்ஜினில் கை வைத்தார். பழைய வண்டிக்குப் பெரிய இன்ஜின் வைக்க ஆசைப்படுகிறவர்கள் யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால், இந்த வரியை மட்டும் கத்தரித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

சேஸிஸில் வெட்டவில்லை. ஆனால் தரைத் தகட்டில் ஓர் இடத்தில் வெட்டத்தான் வேண்டியிருந்தது. ஹேண்ட் கியர் போய்க் கீழே கியர் வருகிறதல்லவா, அந்தக் கம்பு மேலே வர ஓர் ஓட்டை. உள்ளங்கை அளவு தகட்டை வெட்டி எடுத்தார்கள். அதைப் பாய் குப்பையில் வீசப்போனபோது, அதுவரை ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அப்பா கை நீட்டி வாங்கிக்கொண்டார். துடைத்தார். பேப்பரில் சுற்றி டேஷ்போர்டுக்குள் வைத்தார்.

“பழைய கியர் லீவரைக் கழட்டிடலாமா மொதலாளி? இனிமே அதுக்கு வேலை இல்ல.”

“இருக்கட்டும் பாய்.”

அவ்வளவுதான் சொன்னார். எனக்குப் போட்டோ பாடம் எடுத்த மனுஷர்! அந்த லீவர் இன்றைக்கும் ஸ்டீயரிங்குக்குக் கீழே எதனோடும் சம்பந்தம் இல்லாமல் நீட்டிக்கொண்டிருக்கிறது. முதன்முதலாக ஓட்டுகிறவர்கள் அதைப் பிடித்துத் தள்ளிவிட்டுத் திருதிருவென்று விழிப்பார்கள். அப்பாவுக்கே பல மாசம் இடது கை தானாக மேலே போய் அதைத் தொட்டுவிட்டுத்தான் கீழே வரும்.

அப்புறம் ஆர்.டி.ஓ. ஆபீஸ். ஆர்.சி. புத்தகத்தில் இன்ஜின் நம்பர் இருக்கிறது, சி.சி. இருக்கிறது. வண்டியில் இருப்பது வேறு என்றால் சட்டத்தின் கண்ணில் அது வேறு வண்டி. 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு இதற்கென்றே இருக்கிறது. அப்பா, இன்ஜினைத் தூக்கும் முன்பே கான்டெஸாவின் பேப்பர்களோடு போய் விண்ணப்பம் கொடுத்தார். ஒரே கம்பெனி, இதே மாடலில் அவர்களே கொடுத்த இன்ஜின் என்று எடுத்துச் சொன்னார். நாலு தடவை அலைந்தோம். கடைசியில் நம்பர் மேல் பேப்பர் வைத்து பென்சிலால் தேய்த்து எடுத்துச் சரிபார்த்து, ஆர்.சி.யில் 1489-ஐ அடித்து 1817 என்று ஏற்றினார்கள். இன்ஷூரன்ஸுக்கும் எழுதிப் போட்டோம். இது 2004 கதை. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் கொடுத்த அசல் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று அழுத்தமாகச் சொல்லிவிட்டது. ஆகவே நீங்கள் ஸ்பேனரைத் தொடும் முன், ஆபீஸில் எழுத்துபூர்வமாகக் கேட்டுவிடுங்கள்.

வண்டி ஓடியது என்றால் அப்படி ஓடியது. முன்பெல்லாம் மேடு வந்தால் நாங்கள் எல்லோரும் உள்ளே மூச்சைப் பிடித்துக்கொள்வோம். இப்போது ஐந்தாவது கியரில் இன்ஜின் அலட்டிக்கொள்ளாமல் போயிற்று. செங்கல்பட்டு செக்கப்புக்கு அம்மாவை அப்பாவே ஓட்டிக்கொண்டு போய் வந்தார். ஒரு நாளும் நிற்கவில்லை.

எல்லோருக்கும் சந்தோஷம், அம்மாவைத் தவிர. ஒரு மாசம் கழித்து ஊருக்குப் போனபோது சொன்னார்: “வண்டி நல்லாத்தான்டா ஓடுது. ஆனா சத்தம் மாறிடுச்சு. முன்னெல்லாம் தெரு முனையில திரும்பும்போதே தெரியும். நான் காபிக்கு அடுப்பைப் பத்த வெச்சிடுவேன். இவர் உள்ள வந்து செருப்பை விடறதுக்கும் காபிக்கும் சரியா இருக்கும். இப்ப யார் வண்டியோன்னு இருந்துடறேன். வந்து உட்கார்ந்து அஞ்சு நிமிஷம் ஆகுது காபி தர.”

இருபத்தாறு வருஷப் பழக்கம்! இன்ஜின் மாற்றினால் என்னென்ன போகும் என்று நான் பெரிய பட்டியல் போட்டிருந்தேன். அதில் காபி இல்லை. அப்பா அதைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். “பழகிடும்” என்றார். மறுநாளிலிருந்து தெரு முனையில் ஒரு சின்ன ஹாரன் அடிக்க ஆரம்பித்தார்.

எங்கள் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில்தான் அந்தக் குடவோலைக் கல்வெட்டு இருக்கிறது. ஊருக்கு வருகிற விருந்தாளிகளை அழைத்துப்போய்க் காட்டுவது என் வேலை. பல பேருக்குத் தெரியாத ஒரு விஷயம், அங்கே இருப்பது ஒரு சட்டம் இல்லை, இரண்டு. முதலாம் பராந்தக சோழனின் 12-வது ஆட்சியாண்டில், அதாவது 919-ல், சபைத் தேர்தலுக்கு விதிகளை எழுதினார்கள். இரண்டே வருஷத்தில், 921-ல், அதைத் திருத்தி இன்னொன்று எழுதினார்கள். முதலாவதில் நிற்பவருக்கு வயசு முப்பதிலிருந்து அறுபது. திருத்தியதில் முப்பத்தைந்திலிருந்து எழுபது. கல்லில் வெட்டிய விதியையே, சரியாக ஓடவில்லை என்றதும் மாற்றிவிட்டார்கள் எங்கள் ஊர்க்காரர்கள். ஆனால் பழைய விதியைக் கொத்தி அழிக்கவில்லை. அதுவும் அங்கேயே இருக்கிறது. புதுசும் பக்கத்திலேயே இருக்கிறது.

அப்பாவுக்குக் கல்வெட்டு படிக்கத் தெரியாது. ஆனால் அதே காரியத்தைத்தான் செய்தார். கழற்றிய பழைய இன்ஜினையும் கியர்பாக்ஸையும் விற்கவில்லை. இரும்புக்காரர் இரண்டு தடவை வந்து விலை கேட்டார். கேரேஜ் மூலையில் மரக்கட்டை மேல் ஏற்றி, சிலிண்டருக்குள் ஆயில் ஊற்றி, தார்ப்பாய் போட்டு மூடினார். வருஷத்துக்கு ஒரு தடவை ஆயுத பூஜை அன்றைக்குத் தார்ப்பாயை எடுத்து, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, துருப்பிடித்து இறுகிவிடாமல் கையால் ஒரு சுற்று சுற்றி வைப்பார். ஓடுகிற வண்டிக்கு ஒரு பொட்டு, ஓய்வெடுக்கிறவருக்கு ஒரு பொட்டு.

2016-ல் அப்பா காலமானார். கடைசி வருஷம் வரை ஓட்டினார். அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 2014 மே மாசம், உத்தர்பாராவில் அம்பாசடர் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். செய்தியைப் படித்துக் காட்டியபோது, “நம்மளுது ஓடுதில்ல?” என்றார்.

2021-ல் என் நண்பர் ஒருவர் பரபரப்பாக போன் செய்தார். பழைய கார்களைச் சேகரிக்கிறவர். மத்திய அரசு புது விதி கொண்டுவந்திருக்கிறது, ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிகளை ‘விண்டேஜ்’ என்று பதிவு செய்யலாம், நம்பரில் ‘வி.ஏ.’ என்று போட்டுத் தருவார்கள், கௌரவம் என்றார். “உன் வண்டி 1969 ஆச்சே! ஆனா ஒரிஜினலா இருக்கணும், சேஸிஸ், பாடி, இன்ஜின் எதுவும் பெரிசா மாறியிருக்கக் கூடாது. நீதான் பழைய இன்ஜினை வெச்சிருக்கியே, தூக்கி மாட்டிடு. வெட்டுன தகடுகூட இருக்குன்னியே!”

ஒத்துக்கொள்கிறேன், சபலம் தட்டியது. பாயின் மகன்தான் இப்போது பட்டறையைப் பார்த்துக்கொள்கிறான். அவனிடம் பேசிக்கூட வைத்துவிட்டேன். நான் 2003-ல் கேட்டதெல்லாம் கிடைக்கப்போகிறது. பிறகு விதியை முழுசாகப் படித்தேன். விண்டேஜ் என்று பதிவான வண்டியைத் தினப்படி ஓட்டக்கூடாது. கண்காட்சிக்கு, பழைய கார் ஊர்வலத்துக்கு, பெட்ரோல் போட, பராமரிப்புக்கு எடுக்கலாம். மற்ற நேரம் நிறுத்தி வைக்க வேண்டும்.

அதாவது, போட்டோ.

அந்த விதியில் தப்பு ஒன்றும் இல்லை. அசலாகவே பாதுகாக்க வேண்டிய வண்டிகள் நாட்டில் இருக்கின்றன. பாதுகாக்கட்டும். எங்களுடையது அந்த ஜாதி இல்லை. அது யூரியா மூட்டை ஏற்றிய வண்டி. ‘வேண்டாம்டா’ என்று பட்டறைக்கு போன் போட்டுச் சொன்னேன். ஆனால் அந்த ஆயுத பூஜைக்கும் பழைய இன்ஜினைத் துடைத்து, ஒரு சுற்று சுற்றி வைக்கத் தவறவில்லை. யார் கண்டது, எனக்கு அப்புறம் வருகிறவர்கள் 921-ஐ மாற்றி மறுபடி 919-க்கே போக நினைக்கலாம். கதவைச் சாத்திவிட நான் யார்?

மாசம் இரண்டு தடவை இப்போதும் அந்த வண்டியில்தான் சென்னையிலிருந்து ஊருக்குப் போகிறேன். புக்கத்துறை திரும்பியதும் ஐந்தாவது கியர். இருபது வருஷத்துக்கு மேலாகிறது, அம்மாவுக்கு இந்த இன்ஜின் சத்தம் பழகிவிட்டது. போன சனிக்கிழமை ஹாரன் அடிக்க மறந்துவிட்டேன். செருப்பை விட்டுவிட்டு உள்ளே போனேன்.

டம்ளரில் காபி தயாராக இருந்தது.